பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ்5 டீசல் (2014–2018): வாங்கும் விலையும் வாங்கிய பின் வரும் செலவும்

காவிரிக்கரை:

சென்னையில் ஒரு தரகர் வழியாக 2015 ஆம் ஆண்டின் எக்ஸ்5 எக்ஸ்டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வகை) 30டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின். எட்டு கியர் ஆட்டோமேட்டிக். ஓடோமீட்டரில் 92,000 கி.மீ.; இரண்டாவது கை. முதலில் டெல்லியில் பதிவாகி, பிறகு தடையின்மைச் சான்று பெற்று இங்கே கொண்டுவரப்பட்டிருக்கிறது. 2014 இல் இந்த மாடல் அறிமுகமானபோது ஷோரூம் விலையே 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது கேட்கும் விலை 23 லட்சம். இதே பணத்துக்குப் புதிதாக வாங்கினால் ஒரு நடுத்தர எஸ்யூவிதான் கிடைக்கும் என்பதால் மனம் இந்தப் பக்கம் சாய்கிறது.

எங்கள் ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான்: திருச்சியிலிருந்து சென்னை, கொச்சி, எப்போதாவது பெங்களூரு. இந்த மாடலில் அடிக்கடி பழுதாகும் பகுதிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் உத்தேசமாக என்ன செலவாகும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இந்த வண்டி நம் செங்கல்பட்டுப் பக்கம் தயாரானது என்பதால் ஸ்பேர் மலிவாகக் கிடைக்கும் என்று தரகர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா?

பட்டறை_கோவை:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூவின் ஆலை 2007 முதல் இயங்குகிறது என்பதும், எக்ஸ்5 அங்கேதான் கோக்கப்படுகிறது என்பதும் உண்மை. 2015 இலிருந்து இஞ்சின்களைக்கூட ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் சென்னையிலேயே கோத்துத் தருகிறது. ஆனால் கோப்பது வேறு, பாகத்தை உருவாக்குவது வேறு. முழு வண்டியாகக் கப்பலில் இறக்குவதைவிடப் பாகங்களாக இறக்கி இங்கே கோத்தால் சுங்க வரி குறையும். அந்தப் பலன் புது வண்டியின் விலையிலேயே கழிந்து, முதல் உரிமையாளரோடு முடிந்துவிட்டது. உங்களுக்கு நாளை தேவைப்படக்கூடிய டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் சங்கிலி), இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பகுதி), டர்போ (காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் பகுதி), கியர்பாக்ஸின் உள்ளுறுப்புகள் ஆகியவை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருபவை. வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது, ஸ்பேரின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. 23 லட்சத்துக்கு வாங்கினாலும் நீங்கள் பராமரிக்கப் போவது 70 லட்ச ரூபாய் வண்டியைத்தான்.

இனி பழுதுகள். இந்த வண்டியில் இருப்பது என்57 என்ற இஞ்சின். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாத இஞ்சின்தான். ஆனால் இதன் டைமிங் செயின் முன்பக்கத்தில் இல்லாமல் பின்பக்கத்தில், அதாவது கியர்பாக்ஸோடு சேரும் ஃப்ளைவீல் பக்கத்தில் அமைந்திருக்கிறது. செயினைத் தாங்கி ஓடவிடும் பிளாஸ்டிக் கைடுகள் தேய்ந்து, செயினும் நீண்டு தளர்ந்தால், காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஃபயர்வால் (இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தடுப்பு) பக்கத்திலிருந்து ஒரு கரகரப்பு கேட்கும். செயின் தொகுப்பின் விலை ஒரு பங்கு என்றால், அதைத் தொடுவதற்காகக் கியர்பாக்ஸையோ இஞ்சினையோ இறக்கும் கூலி இன்னொரு பங்கு. வெளிப் பட்டறையில் இரண்டரை லட்சத்துக்குக் குறைந்து முடியாது; நிறுவனத்தின் சேவை மையத்தில் நான்கு, ஐந்து லட்சம் வரை போகலாம். தளர்ந்த செயின் பல் தாண்டினாலோ அறுந்தாலோ வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதற்குப் பிறகு இஞ்சின் மாற்றுவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

இரண்டாவது, இஜிஆர் கூலர். புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் இஞ்சினுக்குள் அனுப்பும் பகுதி இது. உள்ளே கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து, கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து படிந்தால், சூடான புகை பட்டு அது கனன்று, இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டையே உருக்கிவிடக்கூடும். 2018 இல் தென்கொரியாவில் தொடர்ச்சியாக வண்டிகள் தீப்பிடித்ததும், நிறுவனம் அங்கும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இதனால்தான். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்கு அப்படிப்பட்ட அழைப்பு ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று சேவை மையத்தில் கேளுங்கள். காசு கேட்க மாட்டார்கள். கூலண்ட் அடிக்கடி குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் சிறிய பொருள். பலரும் அதைக் கவனிப்பதில்லை. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இஞ்சின் உரிய சூட்டை எட்டாது. சூடு எட்டவில்லை என்றால், புகை வடிகட்டியான டிபிஎஃப் தனக்குள் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையைத் தொடங்காது. அது தொடங்காமல் போனால் வடிகட்டி அடைபட்டு, புகை வெளியேற வழியின்றி டர்போவுக்குச் சுமை கூடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை இப்படித்தான் லட்சத்தில் வந்து நிற்கிறது. எச்சரிக்கை விளக்கு வந்த பிறகு வடிகட்டியைக் கழற்றி உள்ளே இருப்பதை உடைத்தெடுத்துவிட்டு மென்பொருளில் அதை அணைத்துவிடும் ‘வைத்தியம்’ ஊருக்கு ஊர் நடக்கிறது. மாசு விதிப்படி அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அப்படி ஒரு வண்டியை வாங்குகிறவர் வேறு என்னென்ன அணைக்கப்பட்டிருக்கிறது என்று அறியவே முடியாது.

நீண்ட_சாலை:

ஐயா எழுதியதில் தொழில்நுட்பத் தவறு ஏதும் இல்லை. ஆனால் டைமிங் செயினைப் பற்றி இணையத்தில் பரவியிருக்கும் அச்சம் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. இதே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் என்47 இஞ்சினில், குறிப்பாக அதன் தொடக்க கால வண்டிகளில், செயின் தொல்லை பரவலாக இருந்தது. அந்தக் கெட்ட பெயரை ஆறு சிலிண்டர் என்57 உம் சேர்ந்து சுமக்கிறது. ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்டு இரண்டு லட்சம் கி.மீ. தாண்டி ஓடிய என்57 வண்டிகள் இங்கேயே இருக்கின்றன. ஆகவே செயினை நினைத்து வண்டியை ஒதுக்குவதைவிட, ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட்டது என்பதைப் பார்ப்பதே சரியாக இருக்கும்.

பட்டறை_கோவை:

அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். டாஷ்போர்டுத் திரை ‘இன்னும் இத்தனை கி.மீ. இருக்கிறது’ என்று காட்டுவதை நம்பிக் கடைசி நாள் வரை ஓட்டிய வண்டியும், பத்தாயிரத்துக்கு ஒருமுறை பிஎம்டபிள்யூ வகுத்த எல்எல்-04 தர ஆயில் ஊற்றி ஓட்டிய வண்டியும் ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்றாலும் உள்ளே வேறு வேறு வண்டிகள். செயினைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கிறது. ஏழு லிட்டருக்கு அருகே ஆயில் பிடிக்கும். நல்ல ஆயிலும் ஃபில்டரும் சேர்ந்து, வெளிப் பட்டறையில் 12,000 முதல் 18,000 ரூபாய்க்குள் முடியும். இந்த வண்டிக்குச் செய்யும் செலவுகளிலேயே மிகவும் மலிவானது இதுதான், ஆனால் இதில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்.

கியர்பாக்ஸுக்கும் இது பொருந்தும். இதில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி. நான் பார்த்த ஆட்டோமேட்டிக்குகளில் உறுதியானவற்றுள் ஒன்று. வாழ்நாள் முழுவதற்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அதைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், மாற்றச் சொல்கிறது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியோடு ஃபில்டர் ஒட்டியே வருவதால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற முடியும். மொத்தம் 50,000 ரூபாய்க்கு அருகில் ஆகும். நீங்கள் பார்த்திருக்கும் வண்டிக்கு வயதாலும் ஓட்டத்தாலும் இந்த வேலை வந்துவிட்டது. செய்ததற்கு ரசீது இல்லை என்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மதுரை_ஓட்டுநர்:

என்னிடம் இருப்பது வேறொரு ஜெர்மன் எஸ்யூவி, பெயர் இங்கே தேவையில்லை; ஆனால் நான்கு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன். வண்டியை எனக்கு விற்ற வியாபாரி, பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்பக்கம் மட்டும் இரண்டு புது டயர் போட்டிருந்தார்; முன்பக்கத்தில் இருந்தவை பாதி தேய்ந்தவை, அதுவும் வேறு நிறுவனத்தினுடையவை. வாங்கிய சில மாதங்களில், மெதுவாகத் திருப்பும்போது அடியில் ஒரு உதறல் தொடங்கியது. முதலில் பார்த்த பட்டறை கியர்பாக்ஸ் என்றது, அடுத்தது புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றது. கடைசியில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருப்பது தெரிந்தது. பழுது பார்த்து முடிக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. அந்த வியாபாரி இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.

பட்டறை_கோவை:

மதுரைத் தம்பி சொன்னது எக்ஸ்5 க்கு அப்படியே பொருந்தும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதனால் அதே தூரத்துக்கு அது அதிகச் சுற்று சுற்ற வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இப்படி நிரந்தரமாக ஒரு வேக வேறுபாடு இருந்தால், டிரான்ஸ்பர் கேஸின் கிளட்ச் நேர்ச் சாலையிலும் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். ஆகவே நான்கு டயரும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானம் என்று இருக்க வேண்டும். பக்கச் சுவரில் நட்சத்திரக் குறி உள்ள டயர்கள் பிஎம்டபிள்யூ ஒப்புதல் பெற்றவை. 19 அங்குலச் சக்கரம் என்றால் நான்கிலும் 255/50 ஒரே அளவு. எம் ஸ்போர்ட் வண்டிகளில் வரும் 20 அங்குலச் சக்கரங்களில் முன்னே 275, பின்னே 315 என அகலம் மாறும். அவற்றை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய வழியில்லை. ரன்ஃபிளாட் (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும்) டயர் ஒன்று 25,000 முதல் 40,000 ரூபாய் வரை. நான்கும் சேர்த்தால் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலை ஆகிவிடும். வண்டியைப் பார்க்கப் போகும்போது டயரின் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

டிரான்ஸ்பர் கேஸின் ஆயில் ஒரு லிட்டர்கூட இராது. அதை மாற்றச் சில ஆயிரம் போதும். ஆனால் யாரும் மாற்றுவதில்லை, ஏனெனில் அது எந்தத் திரையிலும் நினைவூட்டலாக வருவதில்லை.

பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரப்பர் பைகள் எட்டு, பத்து ஆண்டுகளில் மடிப்புகளில் வெடித்துக் கசியத் தொடங்கும். இரவு நிறுத்தும்போது சமமாக இருந்த வண்டி காலையில் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஐயமே வேண்டாம். பையை மாற்றாமல் தள்ளிப்போட்டால், குறையும் காற்றை ஈடுசெய்ய கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக் கருகும். வெளிச் சந்தையில் கிடைக்கும் பை ஒன்று 20,000 முதல் 35,000 வரை. கம்ப்ரசரும் போனால் அதற்குத் தனியாக அரை லட்சத்துக்குக் குறையாது.

சக்கரத்தைத் தாங்கும் முன்பக்க ஆர்ம்களின் புஷ் (ரப்பர் இணைப்பு) நம் ஊர்ச் சாலைகளில் தேய்வது இயல்பே. 80, 90 வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பலரும் டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கப் போவார்கள். முதலில் புஷ்ஷைப் பாருங்கள். லெம்ஃபோர்டர் என்ற பெயரில் வரும் ஆர்ம்கள் இசட்எஃப் குழுமத்தினுடையவைதாம். தரத்தில் குறையில்லை, நிறுவனப் பெட்டியில் வருவதைவிட விலை குறைவு.

கணக்கு_வழக்கு:

இயந்திர விவரங்கள் போதிய அளவு வந்துவிட்டன. பணத்தின் பக்கத்தை நான் பார்க்கிறேன். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 இல் உறுதி செய்தது. அதிலிருந்து டெல்லியின் விலையுயர்ந்த டீசல் வண்டிகள் கெடு நெருங்கும்போதெல்லாம் மற்ற மாநிலங்களுக்கு வரத் தொடங்கின. டெல்லி வண்டி என்பதாலேயே அது மோசம் என்று பொருளில்லை. ஆனால் விரைவில் விற்கப் போகிறோம் என்று தெரிந்த உரிமையாளர் கடைசி ஓரிரு ஆண்டுகளில் பெரிய செலவு செய்திருக்க மாட்டார். விற்ற பின் வர வேண்டிய வேலைகள் எல்லாம் அடுத்தவர் கணக்கில்தான் விழும். தமிழ்நாட்டுப் பதிவு எண்ணும் வாழ்நாள் வரியும் முறையாக முடிந்துவிட்டனவா, கடன் ரத்துக் குறிப்பு ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பவற்றை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலைப்புள்ளியை யாராவது காட்டினால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காப்பீட்டில் பம்பர் முதல் பம்பர் வரை என்ற திட்டம் இந்த வயது வண்டிகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் தேய்மானத்தால் வரும் பழுது அதில் அடங்காது. டைமிங் செயினுக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் பணம் தராது.

ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு வழக்கமான சர்வீஸ், டயர், பிரேக், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய பழுதுகள் இதில் சேராது. அவற்றுக்காக வாங்கும் நாளிலேயே ஐந்து லட்சத்தைத் தனியாக ஒதுக்க முடியாதவர் இந்த வண்டியை வாங்கக் கூடாது என்பேன். கடனில் வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

காவிரிக்கரை:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றுத் தரகரிடம் சர்வீஸ் பதிவுகளைக் கேட்டேன். 61,000 கி.மீ. வரை நிறுவன சேவை மையத்தில் செய்த பதிவு இருக்கிறது; அதற்குப் பிறகு ‘வெளியே செய்தோம், ரசீது இல்லை’ என்கிறார். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதாகத் தகவல் இல்லை. டயர்கள் நான்கும் ஒரே நிறுவனம், ஆனால் 2018 இல் தயாரானவை. விலையை 21 லட்சமாக இறக்கத் தயாராக இருக்கிறார். உள்ளே பின் இருக்கைப் பக்கம் லேசான ஈர வாடை இருந்தது. வண்டி நீண்ட நாள் நின்றிருந்ததால் அப்படி என்றார்.

சென்னைத்_தெற்கு:

அந்த ஈர வாடையை எளிதாக விட்டுவிடாதீர்கள். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கூரைக் கண்ணாடியின் நான்கு மூலைகளிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய்களில் இலை, தூசி அடைத்து நீர் உள்ளே இறங்கியிருக்கலாம். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இது சாதாரணம், குழாயைச் சுத்தம் செய்தால் தீரும். மற்றொன்று, வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பதை நேரில் பார்த்தவன் நான். காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்குத் தீர்த்த வண்டிகள்கூட ஏலம் வழியாக மீண்டும் சந்தைக்கு வந்தன.

எக்ஸ்5 இல் பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது; மின்னணுப் பெட்டிகள் சிலவும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. நீர் எந்த வழியில் வந்தாலும் சேர்வது அந்தப் பள்ளத்தில்தான். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வழக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெள்ள வண்டி என்று உறுதியானால் 10 லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மின்னணுப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், எது முதலில் போகும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

நீண்ட_சாலை:

பழைய பாகங்களைப் பற்றியும் ஒரு சொல். புதுப்பேட்டையில் இந்த வண்டிகளின் கதவு, விளக்கு, கண்ணாடி, இருக்கை எல்லாம் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். டிரான்ஸ்பர் கேஸ்கூடப் பார்த்து வாங்கலாம். ஆனால் மின்னணுப் பெட்டிகளைப் பழையதாக வாங்கினால் அவை வேறொரு சேஸிஸ் எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். மென்பொருளில் மாற்றி எழுதத் தெரிந்தவர் இல்லாமல் வேலைக்கு ஆகாது. பேட்டரியைப் புதிதாக மாற்றினாலும், புதிது என்று வண்டிக்குக் கணினி வழியாகப் பதிவு செய்ய வேண்டும்; இல்லையென்றால் பழைய பேட்டரிக்குரிய அளவிலேயே சார்ஜ் செய்துகொண்டிருக்கும்.

பட்டறை_கோவை:

காவிரிக்கரைத் தம்பிக்கு. 61,000 க்குப் பிறகு ரசீது இல்லை என்பது எனக்கு வாடையைவிடப் பெரிய குறை. முப்பதாயிரம் கி.மீ. எந்த ஆயிலில் ஓடியது என்று தெரியாத என்57 க்கு, செயின் வேலையின் செலவில் ஒரு பகுதியையாவது விலையில் கழித்துத்தான் கேட்க வேண்டும். கியர்பாக்ஸ் சர்வீஸ் 50,000. ஏழு ஆண்டு பழைய டயர்கள், தடிமன் இருந்தாலும் மாற்ற வேண்டியவை, ஒன்றேகால் லட்சம். எல்லா ஆயில்களும் ஃபில்டர்களும், புஷ்களும் இன்னொரு லட்சம். செயினைத் தொடாமலே இரண்டே முக்கால் லட்சம் ஆகிவிட்டது. வாடை குழாய் அடைப்பால்தான் என்று உறுதியானால் 17, 17½ லட்சத்துக்கு மேல் நான் போக மாட்டேன். ரசீதுகள் முழுமையாக உள்ள இதே ஆண்டு வண்டி 25 லட்சத்துக்குக் கிடைத்தாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

பணம் கொடுக்கும் முன் பிஎம்டபிள்யூவின் பழுதறியும் ஐஸ்டா மென்பொருள் வைத்திருக்கும் இடத்தில் வண்டியை இணைத்துப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் கேட்பார்கள். ஓடிய கிலோமீட்டர் டாஷ்போர்டில் மட்டுமல்லாமல் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு திருத்தத்தோடு ஓடுகிறது, வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, கடைசியாக எப்போது அது தன்னைச் சுத்தம் செய்துகொண்டது என்பவற்றையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டிரான்ஸ்பர் கேஸ், ஆயில் கூலர், கிராங்க் புல்லி (இஞ்சின் தண்டின் முனையில் பெல்ட்டைச் சுழற்றும் சக்கரம்) மூன்றையும் பாருங்கள். புல்லியின் ரப்பரில் வெடிப்பு இருந்தால் உடனே மாற்ற வேண்டும். அது பிய்ந்தால் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

தரகரிடம் போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டாம். சொல்லியே ஆக வேண்டும் என்றால், நீங்கள் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் செயின் சத்தத்தை மறைக்க முன்பே ஓட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

காவிரிக்கரை:

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கேன் செய்ய ஏற்பாடு செய்திருக்கிறேன். அதில் தேறினாலும் 17½ லட்சத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று தரகரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். உரிமையாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இதற்கிடையே ரசீதுகள் முழுமையாக உள்ள 2016 வண்டி ஒன்று பெங்களூரில் இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். அதன் சேஸிஸ் எண்ணைக் கேட்டிருக்கிறேன். வந்ததும் முதலில் அதைத்தான் சேவை மையத்தில் கொடுத்துப் பார்ப்பேன்.